செகண்ட் அல்டர்னேட்டர்

பட்டறைக்காரர்களை எனக்குப் பிடிக்காது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பொதுப்பணித் துறையின் மின்பிரிவில் இருந்தவன் நான். எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். காதில் பென்சில், வாயில் டேப், மண்டையில் ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவனுடைய மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் மகள் கௌசலா ஒற்றைக் காலில் நின்றாள்.

பையன் பெயர் யுகேந்திரன். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பழுது பார்க்கிறான். அவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தான், வணக்கம் சொன்னான், செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். என் தலைவலி அவனுடைய தகப்பன் பழனியப்பன்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, கிள்ளான் சிம்பாங் லீமா பக்கம் லோரி, வேன்களுக்கு வயரிங் செய்யும் பட்டறை வைத்திருக்கிறவன். அவன் மனைவி பவுனம்மாள் முன்மேசையில் உட்கார்ந்து வேலை விவரத்தை ஜோப் ஷீட்டில் எழுதுவாளாம். நாங்களோ மூன்று தலைமுறையாகத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில். என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்தராக வந்தவர். அப்பா தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். கிரீஸ் கையோடு ரொட்டி சானாய் பிய்த்துத் தின்னும் ஒருவனை நான் சம்பந்தி என்று கூப்பிட வேண்டுமாம்.

கௌசலாவுக்கு முப்பத்தொரு வயது. கிள்ளானில் மருந்தாளராக இருக்கிறாள். என் வாயும் என் பிடிவாதமும் அவளுக்கு அப்படியே வந்திருக்கின்றன.

"ஒரு காரணம் சொல்லுங்க அப்பா," என்றாள். "நியாயமான காரணம், ஒன்னே ஒன்னு. ஊரு, தோட்டம், ஜாதி இதெல்லாம் காரணம் இல்ல. அந்தக் குடும்பத்துல நேர்மை இல்ல, மரியாத இல்லன்னு நீங்க காட்டுனா நானே விட்டுடறேன். காட்ட முடியலன்னா, அடுத்த ஞாயித்துக்கிழம அவங்க பேச வர்றப்ப நீங்க சரின்னு சொல்லணும். ஓகேவா?"

"ஓகே," என்றேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு பட்டறைக்காரனிடம் நேர்மை இல்லை என்று காட்டுவதற்குப் பத்து நாள் எதற்கு, பத்து நிமிடம் போதாதா?

என்னிடம் ஒரு லேண்ட் ரோவர் இருக்கிறது. எண்பத்தாறாம் ஆண்டு வண்டி. துறை அதை லேலாங் போட்டு ஏலத்தில் விட்டபோது நான் எடுத்தேன். வாரம் ஒரு முறை துடைப்பேன், மாதம் ஒரு முறை ஓட்டுவேன். என் மனைவி குணபூசணி அதை "உங்கட ரெண்டாந்தாரம்" என்பாள். அந்த வண்டியை வைத்துத்தான் பழனியப்பனுக்குப் பரீட்சை வைப்பது என்று முடிவு செய்தேன்.

பரீட்சை இதுதான். எந்த வண்டியிலும் எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தருவதற்கு ஒரு அல்டர்னேட்டர் இருக்கும். எங்கள் காலத்தில் தள வேலைக்குப் போகும் வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பெரிய விளக்குகளையும் ரேடியோவையும் போட வேண்டியிருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு அல்டர்னேட்டர் போதாது. அதனால் இரண்டாவதாக ஒன்றைப் பூட்டுவோம். அது லேசுப்பட்ட வேலை இல்லை. அதற்கென்று தாங்கி அடிக்க வேண்டும். பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், மயிரிழை பிசகினாலும் பெல்ட் கழன்று பறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாதபடி பேட்டரிகளைப் பிரிக்க வேண்டும். இதையெல்லாம் நான் செய்திருக்கிறேன். என் கையால் அல்ல, என் மேற்பார்வையில்.

ஒரு தாளில் பத்துக் கேள்விகள் எழுதி, பக்கத்தில் மதிப்பெண் போட இடம் விட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் யார் என்று சொல்லப் போவதில்லை. வேலையையும் விளக்கப் போவதில்லை. கேள்வித்தாள் எந்த மாணவனுக்காவது விளக்கம் சொல்லுமா? தெரிந்தவனாக இருந்தால் அவனே புரிந்துகொள்வான். தெரியாதவன் திருதிருவென்று விழிப்பான், இல்லையென்றால் ஏமாற்றுவான். எப்படியானாலும் எனக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிடும்.

மறுநாள் காலை கிள்ளானுக்குப் போனேன். ஒரு பெயிண்ட் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் பட்டறை. உள்ளே வார்னிஷ் வாடை. சுவரில் முருகன் படம், அதைச் சுற்றி நாற்பது சின்ன விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. வயரிங்காரன் பக்தியும் வயரிங்கில்தான் போய் முடியும் போலிருக்கிறது. பவுனம்மாள் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டிருந்த தே தாரிக் பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க," என்றாள். நான் இவளுக்கு எந்த ஊர் அண்ணன்? நான் உட்காரவில்லை.

பழனியப்பன் ஒரு லோரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். குட்டையான, கெட்டியான ஆள். என்னை ஒரு நிமிடம் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க போஸ், என்ன வேல?" வாசலுக்கு வருகிற எல்லாருமே இவர்களுக்கு போஸ், அதாவது முதலாளி.

"இந்த வண்டிக்கு செகண்ட் அல்டர்னேட்டர் போட முடியுமா?"

அவன் பானெட்டைத் திறந்தான். எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். மீட்டரை வைத்துப் பார்த்தான். இதற்கே பத்து நிமிடம் எடுத்தான்.

"சார்ஜ் ஏறுது போஸ். ஆனா இது ரொம்ப நாளைக்கு வராது, பேரிங் கத்துது. போடுறதுன்னா நியூவாவே போட்டுரலாம் லா."

பார்த்தீர்களா? நான் ஒன்று கேட்டால் இவன் வேறொன்றை விற்கப் பார்க்கிறான். இருப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையாவது கேட்டேனா?

"நியூவைப் பற்றி நான் பேசவில்லை. செகண்ட்."

"எதுக்கு போஸ் செகண்ட்? நல்ல வண்டியா வச்சிருக்கீங்க..."

"எதுக்கு என்கிறது உமக்கு எதுக்கு? போடத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் போஸ்."

பவுனம்மாள் பேனாவோடு எழுந்து வந்தாள். "அண்ணே, நம்மகிட்ட நியூவுக்கு ஒரு வருச வாரண்டி இருக்கு. வேணும்னா நாங்க பாத்து..."

"அம்மா, என் தமிழ் உங்களுக்கு விளங்கவில்லையா? செகண்ட். எஸ், ஈ, சி..." என்று எழுத்துக்கூட்டியே சொன்னேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. முழிக்கிறார்கள், வேலை தெரியாமல் முழிக்கிறார்கள் என்று நினைத்தேன். பவுனம்மாள் ஜோப் ஷீட்டில் எழுதி என் முன்னால் வைத்தாள். நான் அதைப் படிக்கவில்லை. அவள் கையெழுத்தையெல்லாம் படிக்க வேண்டுமா என்ன? கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அரசாங்கக் கோப்புகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் போட்ட கையெழுத்து. முதல் எழுத்தில் ஒரு வளையம், கடைசி எழுத்திலிருந்து பின்னால் வந்து அடியில் ஒரு கோடு. யாரென்று சொல்லக் கூடாது என்ற நினைவு கோடு போட்ட பிறகுதான் வந்தது. கிடக்கட்டும், இவர்களுக்கு அதைப் படிக்கவா தெரியும்?

"சாமான் தேடணும் போஸ்," என்றான் பழனியப்பன். "நாலு நாள் குடுங்க." அவன் குரல் முன்னைவிட மெதுவாக இருந்தது.

நான்கு நாள் கழித்துப் போனேன். வண்டி தயாராக வாசலில் நின்றது. பவுனம்மாள் ஜோப் ஷீட்டின் நகலையும் கனமான ஒரு பிளாஸ்டிக் பையையும் என்னிடம் கொடுத்தாள். "உங்க பழைய சாமான், அண்ணே. நாங்க எடுத்துக்கலன்னு தெரியணுமில்ல," என்றாள். பழைய சாமானா? நான் பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு அல்டர்னேட்டர் இருந்தது.

தாங்கி இல்லை, இரண்டாவது சக்கரம் இல்லை, இரண்டாவது பேட்டரிக்கு இடம் கூட விடவில்லை. என்னுடையதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எவனோ பயன்படுத்திய, சுரண்டிப் பெயிண்ட் அடித்த ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் பொங்கியது. இதைவிட நல்ல காரணத்தை நான் கோயிலில் நேர்ந்துகொண்டாலும் கிடைத்திருக்காது. பானெட்டை மூடினேன். பழனியப்பன் ஏதோ சொல்ல வந்தான். கேட்க நிற்காமல் கிளம்பினேன். பெடரல் ஹைவேயில் நெரிசலில் நின்றபோது தாளை எடுத்துப் பத்துக்கு எதிரே பெரிய முட்டை ஒன்றைப் போட்டேன்.

வீட்டில் கௌசலாவும் குணபூசணியும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். பையை மேசை மேல் தொப்பென்று வைத்தேன்.

"இதுதான் உன் மாமனார்," என்றேன். "நான் செகண்ட் அல்டர்னேட்டர் போடச் சொன்னேன். மனுஷன் இருந்ததையும் கழற்றிவிட்டு எவனுடைய குப்பையையோ மாட்டி அனுப்பியிருக்கிறான். அவன் பெண்சாதி அதற்கு உடந்தை. கண்ணெதிரே பையில் போட்டுக் கொடுக்கிறாள், எத்தனை துணிச்சல் பார். நேர்மை என்று கேட்டாயே, இந்தா நேர்மை." முட்டை போட்ட தாளையும் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

கௌசலாவின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான். அவள் பையைத் திறக்கவில்லை, ஜோப் ஷீட்டை எடுத்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"அல்டர்னேட்டர், செகண்ட். நியூ சொன்னோம், கஸ்டமர் வேணாம்னு சொன்னாரு. மூணு தடவ கேட்டாச்சு. செகண்ட்தான் வேணும்." அடியில் என் கையெழுத்து, வளையமும் கோடுமாக.

"அதுதான் நான் சொன்னேனே, செகண்ட் என்று!"

"அப்பா." அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "வொர்க்‌ஷாப்ல போய் செகண்ட்னு கேட்டா செகண்ட்ஹேண்ட்னு அர்த்தம். நியூ, இல்லன்னா செகண்ட். இந்த நாட்டுல சின்னப் புள்ளைக்குக்கூட இது தெரியும். இன்னொன்னு வேணும்னா, இன்னொன்னு போடுங்கன்னு சொல்லணும்."

குணபூசணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். நாற்பது ஆண்டுகளில் அவள் அப்படிக் குலுங்கி நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் செகண்ட் என்றால் இரண்டாவது என்றுதான் பொருள், அகராதியைக் கொண்டு வா என்றேன். ஒருவரும் அகராதியைக் கொண்டு வரவில்லை.

"இப்பத்தான் புரியுது," என்றாள் கௌசலா. "யுகேன் நேத்து சொன்னப்ப எனக்கு ஒன்னும் புரியல. நீங்க உள்ள வந்ததுமே அவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிடுச்சு. யுகேன் உங்க போட்டோ காட்டியிருக்காரு. நீங்க பேரு சொல்லிக்காம நின்னதப் பாத்து, பாவம், வெக்கப்படுறாரு போலன்னு பேசாம இருந்திருக்காங்க. நியூ வேணாம் வேணாம்னு நீங்க கத்துனதப் பாத்துட்டு மாமா வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரு தெரியுமா? 'சம்பந்தி ரொம்பக் கஷ்டத்துல இருக்காருடா. ஒரு நியூ அல்டர்னேட்டர் வாங்க வழியில்ல மனுசனுக்கு. கல்யாணச் செலவு எல்லாம் நம்ம பாத்துக்குவோம், அவர்கிட்ட ஒன்னும் கேக்கக் கூடாது'ன்னு சொல்லியிருக்காரு."

எனக்குப் பென்ஷன் வருகிறது. பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். சிம்பாங் லீமாவில் லோரிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டானாம்.

"இன்னும் இருக்கு," என்றாள். "கடைங்கள்ல கெடச்ச செகண்ட் எல்லாம் குப்பையா இருந்துச்சாம். உங்க வண்டிக்கு அதெல்லாம் வேணாம்னு மாமா தன்னோட பிக்கப்புல இருந்ததக் கழட்டி, பேரிங், பிரஷ் எல்லாம் புதுசு மாத்தி, உக்காந்து கிளீன் பண்ணிப் போட்டிருக்காரு. இப்ப அவரு மோட்டார்சைக்கிள்ல போறாரு. நீங்க அதுக்கு முட்டை போட்டிருக்கீங்க."

நான் திரும்பி வரும்போது எஞ்சினில் எந்தக் கிறீச்சும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழி முழுவதும் சத்தமே இல்லாமல் ஓடியிருக்கிறது. நான் என்னைப் பாராட்டிக்கொண்டு வந்ததில் அது காதில் விழவில்லை.

"அவனுக்குப் போன் போடு," என்றேன். "நான் ஏழை இல்லை என்று சொல்ல வேண்டும்."

"என்னன்னு சொல்வீங்க? உங்கள வேவு பாக்க வந்தேன்னா? அவங்க மனசு உடைஞ்சிடும்." அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "அப்பா, காரணம் ஒன்னும் கெடைக்கல. அப்படின்னா சரின்னு சொல்றதா ஒத்துக்கிட்டீங்க. ஞாயித்துக்கிழம சரின்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் பேசாதீங்க. எனக்காக. ஒரு மணி நேரம் ஏழையா இருங்க, போதும்."

சரி என்றேன். மகளுக்காக ஒரு மணி நேரம் ஏழையாக இருக்க முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். பழத்தட்டு, வெற்றிலை, ஒரு பெரிய பிஸ்கட் டின், கூடவே சமையலறைக்கு நேராகப் போன இரண்டு பைகள். அரிசி, எண்ணெய், பருப்பு. பவுனம்மாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குணபூசணியின் கையில் கொடுத்தாள். வெள்ள நிவாரணம் கொடுப்பவர்கள்கூடப் படம் எடுப்பதற்காகவாவது சிரிப்பார்கள். இவள் அவ்வளவு நாசூக்காகக் கொடுத்தாள். எனக்குக் காது சுட்டது.

பழனியப்பன் பாத்திக் சட்டை போட்டு வந்திருந்தான். நகங்களைத் தேய்த்துக் கழுவியிருந்தான், ஓரத்தில் கறுப்பு மட்டும் போகவில்லை. யுகேந்திரன் சுவரோரமாக உட்கார்ந்தான். தேதி பேசினார்கள். ஆனியில் நல்ல நாள் இருக்கிறது என்றார்கள். நான் சரி என்றேன். கௌசலா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி இருந்தது. அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

பழனியப்பன் தொண்டையைச் செருமினான்.

"சம்பந்தி, ஒன்னு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. மண்டபம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. பொண்ணுக்கு நீங்க ஒன்னுமே செய்ய வேணாம். மனுசனுக்கு ஏத்த எறக்கம் வரும். அதுல வெக்கம் ஒன்னும் இல்ல." என் கையின் மேல் தன் கையை வைத்தான். "அந்த அல்டர்னேட்டர் செகண்ட்தான், ஆனா நல்ல சாமான். ஏதாச்சும் ஆச்சுன்னா எந்நேரமும் கூப்பிடுங்க. நான் வரேன்."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. அந்த ஈரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். கௌசலா எதிரிலிருந்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் கையை உதறினேன்.

"நான் பிச்சைக்காரன் இல்லை!" என்று கத்தினேன். "எனக்குப் பங்சாரில் வீடு இருக்கிறது! நான் செகண்ட்ஹேண்ட் கேட்கவே இல்லை. இன்னொன்று போடச் சொன்னேன், இரண்டாவதாக இன்னொன்று! உமக்கு விளங்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய?"

வெளியே மோனோரயில் போகும் சத்தம் கேட்டது. பழனியப்பன் கையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டான். வேலையைப் பற்றி யோசிக்கிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"ரெண்டா?" என்றான். "செய்யலாம். பிராக்கெட் அடிக்கணும், பெல்ட் லைன் பாக்கணும், பேட்டரி தனியாப் பிரிக்கணும். எங்கிட்ட கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்." என் பத்துக் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "அந்த வண்டியில ஒரு ரேடியோகூட இல்ல. ரெண்டு எதுக்கு போஸ்?"

சம்பந்தி போய் நான் மறுபடியும் போஸ் ஆகியிருந்தேன்.

எதற்கு என்று பட்டறையிலேயே கேட்டான். அன்றைக்கு உமக்கு எதுக்கு என்று சொல்லித் தப்பித்தேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. குளிர்பெட்டி வைப்பதற்கு என்று சொல்லியிருக்கலாம். ஊர் சுற்ற என்று சொல்லியிருக்கலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டே பழகிய வாய் அது, ஒரு பொய்யும் வரவில்லை.

குணபூசணி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"உங்களுக்குப் பரீட்சை வைக்க வந்தவர்," என்றாள். "சம்பந்தம் வேண்டாமெண்டு சொல்லக் காரணம் தேடி. பத்துக்கு முட்டை போட்டு வச்சிருக்கிறார். தாள் அந்த மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, பாக்கிறியளா?"

யாரும் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. பழனியப்பன் என்னைப் பார்த்தான். கலக்கம் போய் அவன் கண்கள் காய்ந்திருந்தன. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். டெண்டர் கேட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற அத்தனை பேரையும் நான் பார்த்த பார்வை அது. அதற்கு எதிரே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கௌசலா எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என்னைத் தாண்டிப் போய்ப் பவுனம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பவுனம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ஒன்னும் இல்லம்மா. கல்யாணம் ஆனியிலதான், நாங்க பாத்துக்கறோம்," என்றாள். "ரெஜிஸ்டர் பண்ற நேரத்துல சாட்சிக்கு மட்டும் அப்பாவ வரச் சொல்லு. கையெழுத்து ரொம்ப நல்லாப் போடுறாரு."

ஆனியில் கிள்ளானில் கல்யாணம் நடந்தது. லேண்ட் ரோவரில்தான் போனேன், வழியில் ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டபோது மேடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.